தண்டுவட மரப்பு நோயில் நடைப்பயிற்சியும் விழுதல் தடுப்பும்: நடைவேகம் கூடுவது மட்டும் போதுமா?

ஆய்வுச்சுருக்கம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய் உடையோரிடம் விழுதல் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. நடைப்பயிற்சியும் அதனோடு இணைந்த உடற்பயிற்சிகளும் இவர்களது நடைவேகத்தையும் நடக்கும் தொலைவையும் உயர்த்துகின்றன என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அவை விழுதலைக் குறைக்கின்றன என்பதற்கான சான்றோ அத்துணை உறுதியாக இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு எதனால் தோன்றுகிறது என்பதை நோயின் இயல்பு, விழும் சூழல், வெளிவந்த சோதனைகளின் முடிவுகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. விழும் தருணங்களைப் பயிற்சிக்குள் கொண்டுவராத நடைப்பயிற்சி, நடையைத் திருத்தினாலும் விழுதலைத் தடுக்கும் என எதிர்பார்க்க இயலாது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தண்டுவட மரப்பு நோய், நடைப்பயிற்சி, விழுதல், சமநிலை, இரட்டைப்பணி, மின்தூண்டல், இயன்முறை மருத்துவம்.

முன்னுரை

பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டேன் ஷார்கோ, 1868ஆம் ஆண்டில் இந்நோயைத் தனியொரு நோயாக வரையறுத்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே காணப்பட்ட கடினமான திட்டுகளே நோய்க்குப் பெயர் தந்தன. தமிழில் வழங்கும் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்னும் பெயர் தண்டுவடத்தை மட்டுமே சுட்டுகிறது. மூளையும் சிறுமூளையும் பார்வை நரம்பும் பாதிப்புக்கு உள்ளாவதை அது மறைத்துவிடுகிறது. விழுதலைப் பற்றிப் பேசும்போது இக்குறை சிறியதன்று. ஏனெனில் நோயாளர் விழுவது கால் வலுவிழப்பால் மட்டும் நிகழ்வதன்று.

ஆத்திரேலியா, சுவீடன், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுத் தரவுகளை ஒன்றிணைத்து 2015இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று 537 நோயாளரின் விழுதல் பதிவுகளை ஆராய்ந்தது. மூன்று மாத காலத்திற்குள் 56 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் விழுந்திருந்தனர். 37 விழுக்காட்டினர் ஒருமுறைக்கு மேல் விழுந்திருந்தனர். இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது என்பதை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். முதியோரின் சிக்கலாகவே கருதப்பட்டுவரும் விழுதல், இங்கு வேலைக்குச் செல்லும், குழந்தை வளர்க்கும் வயதினரின் அன்றாடச் சிக்கலாக இருக்கிறது. நடமாட்டக் குறைவாலும் திரும்பத் திரும்பத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளாலும் எலும்பின் அடர்த்தி குறைந்துவிடுவதால், ஒருமுறை விழுவதே இடுப்பெலும்பு முறிவில் முடியக்கூடும். முறிவு ஏற்படாவிடினும், மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வெளியே செல்வதைக் குறைக்கிறது. நடமாட்டம் குறையத் தசை வலுவும் குறைகிறது. வலு குறைய விழும் வாய்ப்பு மேலும் கூடுகிறது.

இச்சுழற்சியை உடைக்க ‘நடங்கள்’ என்று அறிவுறுத்துவது இயல்பானது. அந்த அறிவுரை எந்த அளவுக்குப் போதுமானது என்பதே இங்கு எழும் வினா.

நடை குலையும் விதம்

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதையும்போது, அவற்றின் வழியே செல்லும் மின்குறிப்புகள் தாமதப்படுகின்றன அல்லது தடைப்படுகின்றன. மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளை தாமதப்படுவது பலரும் அறிந்ததே. பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மேல்நோக்கிச் செல்லும் உணர்வுச் செய்தி தாமதப்படுவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விழுதலைப் பொறுத்தவரை இரண்டாவதற்கே கூடுதல் கவனம் தேவை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், நோயாளரை ஒரு நகரும் மேடையில் நிற்கவைத்து, மேடையைத் திடீரெனப் பின்னோக்கி இழுத்துச் சோதித்தனர். உடல் சாய்வதைத் தடுக்கும் கால் தசைகளின் எதிர்வினை, நோயற்றவரைக் காட்டிலும் இவர்களிடம் தாமதமாகவே தோன்றியது. தண்டுவடத்தில் உணர்வுச் செய்தி எந்த அளவுக்கு மெதுவாகச் சென்றதோ, அந்த அளவுக்கு எதிர்வினையும் பிந்தியது. தாமதத்தை ஈடுகட்ட நோயாளரின் உடல் பெரிய எதிர்வினையைத் தந்தது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. அதாவது, நேரத்தில் இழந்ததை அளவில் ஈடுசெய்ய உடல் தானாகவே கற்றுக்கொள்கிறது. பயிற்சியால் பயன் உண்டு என நம்புவதற்கு இது ஒரு நல்ல அடிப்படை. சிதைந்த உறையைப் பயிற்சி மீட்டுத்தரும் என்று கூற முடியாது. எஞ்சியுள்ள வழிகளைத் திறம்படப் பயன்படுத்த அது கற்றுத்தரும்.

இதனுடன் தசை இறுக்கம், சிறுமூளைப் பாதிப்பால் வரும் தள்ளாட்டம், பார்வை மங்கல், இரட்டைப் பார்வை ஆகியவையும் சேர்கின்றன. கணுக்காலை மேல்நோக்கி மடக்கும் தசை வலுவிழந்தால் பாதத்தின் முன்பகுதி தொய்ந்து, ஒவ்வோர் அடியிலும் கால்விரல் தரையை உரசுகிறது. மிதியடியின் விளிம்பே அத்தகையவரை இடறிவிழச் செய்யப் போதுமானது. இவர்களது நடையில் அடிகள் குறுகியும் வேகம் குறைந்தும் இருப்பதும், இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் நீள்வதும் ஓரளவு உடல் தானே மேற்கொள்ளும் பாதுகாப்பு ஏற்பாடுகள் எனலாம்.

வெப்பத்தின் பங்கையும் குறிப்பிட வேண்டும். உடற்பயிற்சிக்குப் பின் நோயாளரின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890இல் செருமானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப் விளக்கினார். உடலின் உள்வெப்பம் அரை பாகை செல்சியசு அளவில் உயர்ந்தாலே, உறை சிதைந்த நரம்பிழைகளில் குறிப்புக் கடத்தல் தடைப்படலாம் என்பது பின்னர் தெளிவானது. உடல் குளிர்ந்ததும் நிலை திரும்பிவிடுகிறது. இது நோயின் முற்றல் அன்று. ஆனால் கால் தளரும் அந்த அரைமணி நேரத்தில் விழுவதற்கான வாய்ப்பு மிகுதி.

விழும் தருணம்

நோயின் கடுமையை அளக்க அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்ட ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல் இன்றளவும் வழக்கில் உள்ளது. பூச்சியத்தில் தொடங்கிப் பத்தில் முடியும் அவ்வளவுகோலில் 4.0 என்பது துணையின்றியும் ஓய்வின்றியும் ஏறத்தாழ 500 மீட்டர் நடக்க இயலும் நிலை. 6.0 என்பது ஏறத்தாழ 100 மீட்டர் நடக்க ஒருபக்கத் துணை, பெரும்பாலும் ஒரு கைத்தடி, தேவைப்படும் நிலை. நோய் முற்றமுற்ற விழுதலும் சீராகக் கூடும் என்றே எவரும் எண்ணுவர். மேற்கூறிய 537 பேரின் தரவு வேறொன்றைக் காட்டியது. விழும் வாய்ப்பு 4.0 நிலையிலும் 6.0 நிலையிலும் உச்சத்தைத் தொட்டது.

இவ்விரண்டும் மாறுகட்டங்கள் என்பது கவனிக்கத்தக்கது. முதலாவதில் நடையின் இருப்புத் திறன் குறைந்துவிட்டது. ஆனால் வாழ்க்கைமுறை மாறவில்லை. அதே பேருந்து, அதே மாடிப்படி, அதே வேகம். இரண்டாவதில் கைத்தடி கைக்கு வருகிறது. ஆனால் அதைக் கொண்டு நடக்கும் திறன் இன்னும் கைகூடவில்லை. பலர் தடியை வெளியே செல்லும்போது மட்டும் எடுத்து, வீட்டில் சுவரையும் மேசையையும் பற்றி நடக்கின்றனர். விழும் நிகழ்வுகளில் பெரும்பகுதி வீட்டிற்குள்ளேயே நடைபெறுவதாகப் பல ஆய்வுகளும் பதிவு செய்துள்ளமை இத்துடன் பொருந்துகிறது.

விழுந்தவர்களிடமே காரணம் கேட்ட சுவீடன் ஆய்வொன்றில், கவனம் சிதறுதல், தசையின் தாங்குதிறன் குறைதல், களைப்பு, வெப்பம் தாங்காமை ஆகியவை முதன்மையாகக் கூறப்பட்டன. இவற்றுள் கவனச் சிதறலைத் தனியே நோக்கலாம். நோயற்றவருக்கு நடை தானியங்கும் செயல். பேசிக்கொண்டே, சுமந்துகொண்டே, எண்ணிக்கொண்டே அவர் நடக்கலாம். இந்நோயில் நடையே கவனத்தைக் கோரும் வேலையாகிவிடுகிறது. நடந்துகொண்டே ஓர் எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுமாறு கேட்டால் நடை மெதுவாகிறது, அல்லது கணக்கு தவறுகிறது. கையில் தேநீர்க் குவளையோடு திரும்பும் கணத்தில் தொலைபேசி ஒலிப்பதும் அத்தகைய இரட்டைப்பணியே.

சிறுநீர் அவசரமும் விழுதலுக்கு ஒரு காரணம். சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு குறைந்தவர் கழிவறை நோக்கி விரைகையில், இருட்டில், ஈரத் தரையில் விழுகிறார். இதற்கு நடைப்பயிற்சி மருந்தாகாது; சிறுநீர்ப்பைக்கான மருத்துவமே தேவை. வழக்கத்திற்கு மாறாகச் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து விழத் தொடங்கினால், அது சிறுநீர்த் தொற்றின் அல்லது நோயின் புதிய தாக்குதலின் அறிகுறியாக இருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது. அந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது மருத்துவரைக் காண்பதே. பயிற்சியைக் கூட்டுவது அன்று.

பயிற்சி தருவதும் தராததும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நோயாளருக்கு ஓய்வே பரிந்துரைக்கப்பட்டது. களைப்பும் வெப்பமும் நோயைத் தூண்டும் என மருத்துவர்கள் அஞ்சினர். 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 15 வாரச் சோதனை அக்கருத்தை அசைத்தது. கைகளாலும் கால்களாலும் மிதிக்கும் நிலைவண்டியில் பயிற்சி பெற்றோரின் உடல்தகுதி உயர்ந்தது, நோய் மோசமாகவில்லை. அதன்பின் வந்த ஆய்வுகளும் உடற்பயிற்சியால் நோய்த் தாக்குதல்கள் கூடுவதில்லை என்றே காட்டியுள்ளன. 2013இல் வெளியான கனடாவின் வழிகாட்டுதல், இலேசானது முதல் நடுத்தரம் வரையிலான பாதிப்புடையோர் வாரம் இருமுறை 30 நிமிட நடுத்தர ஏரோபிக் பயிற்சியும், வாரம் இருமுறை முக்கியத் தசைகளுக்கான வலுவூட்டலும் செய்யப் பரிந்துரைத்தது. நடை அந்த ஏரோபிக் பயிற்சியின் எளிய வடிவம்.

இப்பயன்கள் மெய்யானவை. எனினும் வேகமாக நடப்பவர் குறைவாக விழுவார் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்றே தவிர, எடுத்துக்கொள்ளத்தக்க உண்மையன்று. இங்கிலாந்தின் சாலிசுபரியில் நடைபெற்ற சோதனை இதனை நன்கு காட்டுகிறது. இரண்டாம்நிலைப் படிவளர் நோயும் பாதத் தொய்வும் உடையோர் இரு குழுக்களாகச் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இயன்முறை மருத்துவர் வகுத்த பயிற்சிகளை வீட்டில் செய்தனர். மற்றக் குழுவினர் மின்தூண்டல் கருவியை அணிந்தனர். கால் தரையிலிருந்து எழும்போது அது முழங்காலுக்குக் கீழுள்ள நரம்பை மின்துடிப்பால் தூண்டிப் பாதத்தை உயர்த்தும்.

18 வாரங்களின் முடிவில், கருவியில்லாமல் நடந்தபோது நடைவேகமும் நடந்த தொலைவும் உயர்ந்திருந்தது பயிற்சிக் குழுவினரிடமே. மின்தூண்டல் குழுவினர் கருவி இயங்கும்போது நன்கு நடந்தனர். கருவியை நீக்கினால் முன்னேற்றம் இல்லை. 2009இல் வெளியான இம்முடிவு மட்டும் கிடைத்திருந்தால், பயிற்சியே மேல் என்று கூறியிருக்கலாம். அதே சோதனையின் மற்றொரு பகுதி 2010இல் வெளிவந்தது. அதில் விழுதல் எண்ணப்பட்டிருந்தது. பயிற்சிக் குழுவின் இடைநிலை எண்ணிக்கை 18. மின்தூண்டல் குழுவில் 5. நடையில் முன்னேறியது ஒரு குழு. குறைவாக விழுந்தது வேறொரு குழு. இடறலுக்கு நேரடிக் காரணமான கால்விரல் உரசலைக் கருவி ஒவ்வோர் அடியிலும் நீக்கியது. பொதுப்பயிற்சி அவ்வாறு செய்யவில்லை என இதனை விளங்கிக்கொள்ளலாம். சோதனை சிறியது, பாதத் தொய்வு உடையோருக்கே அது பொருந்தும். ஆயினும் நடைவேகத்தை அளந்து விழுதலைப் பற்றி முடிவுகூறும் வழக்கத்தின் மீது அது எழுப்பும் ஐயம் பெரிது.

2019இல் வெளியான கோக்ரேன் மறுஆய்வு, விழுதல் தடுப்பு முயற்சிகள் குறித்த 13 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 839 பேரையும் கணக்கில் கொண்டது. பெரும்பாலானவை உடற்பயிற்சிச் சோதனைகள். சமநிலையும் நடமாட்டமும் பயிற்சியால் மேம்படுவதற்குக் குறைந்த உறுதிப்பாடுடைய சான்று இருப்பதாகவும், விழுதலின் மீதான விளைவு உறுதியற்றது என்றும் அம்மறுஆய்வு முடிவுரைத்தது. இது பயிற்சி பயனற்றது என்னும் தீர்ப்பன்று. சோதனைகள் சிறியவை, பல, விழுதலை முதன்மை அளவீடாகக் கொள்ளாதவை.

எண்ணிக்கையைப் படிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சியால் தன்னம்பிக்கை பெற்றவர் முன்னைவிட மிகுதியாக நடப்பார். நடக்கும் அடிகள் கூடினால் விழும் வாய்ப்புகளும் கூடும். நாற்காலியை விட்டு எழாதவர் நடக்கையில் விழுவதே இல்லை. ஆகவே மூன்று மாதத்தில் இருமுறை விழுந்தார் என்பதோடு, அம்மூன்று மாதத்தில் அவர் எவ்வளவு நடந்தார் என்பதும் தெரிந்தாலன்றி ஒப்பீடு நேர்மையாக அமையாது.

விழும் தருணத்திற்கான நடைப்பயிற்சி

உடல் எதைப் பயில்கிறதோ அதிலேயே தேர்ச்சி பெறுகிறது. நேரான, வெளிச்சமான, மேடுபள்ளமற்ற பாதையில் 30 நிமிடம் நடப்பவர் அத்தகைய பாதையில் நடக்கத் தேறுகிறார். விழுவதோ திரும்புகையில், எழுகையில், பின்னோக்கி அடிவைக்கையில், கவனம் பிரிகையில். எனவே நடைப்பயிற்சியின் ஒரு பகுதி இச்செயல்களால் ஆனதாக இருத்தல் வேண்டும்: எட்டு வடிவத்தில் நடத்தல், பக்கவாட்டில் அடிவைத்தல், தாழ்ந்த தடையைத் தாண்டுதல், தலையை இருபுறமும் திருப்பியவாறு நடத்தல், தட்டில் பொருளை ஏந்தி நடத்தல், நடக்கும்போதே உரையாடுதல். சுவீடனில் உருவான கோடூசே என்னும் திட்டம் உடல் நடுப்பகுதியின் உறுதி, இரட்டைப்பணி, புலன்சார் உத்திகள் ஆகிய மூன்றையும் இவ்வாறு ஒருங்கிணைக்கிறது. மெத்தென்ற பரப்பில் கண்மூடி நிற்பது போன்ற புலன்சார் பயிற்சிகள், பார்வையை மட்டுமே நம்பிச் சமநிலை காக்கும் பழக்கத்தைக் குறைக்கின்றன. இவை அனைத்தும் கைப்பிடி அருகிலிருக்க, முதலில் இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பில் தொடங்கத்தக்கவை. தனியே பழகுவதற்கு உரியவை அல்ல.

நடையை எவ்வாறு பகுப்பது என்பதும் முக்கியம். ஆறு நிமிடம் தொடர்ந்து நடப்பதையும், இரண்டு நிமிடமாக மூன்றுமுறை இடைஓய்வுடன் நடப்பதையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகளில், இடைவிட்டு நடந்தபோது நோயாளரின் களைப்பு குறைந்தது, தொலைவும் கூடியது. களைப்பு மிக்க இறுதி நிமிடங்களிலேயே கால்விரல் உரசத் தொடங்குகிறது. அந்நிலையில் நடையைத் தொடர்வது தவறான நடையைப் பயில்வதேயாகும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் வாழும் நோயாளருக்கு விடியற்காலை நடையும், மின்விசிறியின் கீழ் வீட்டுக்குள் நடப்பதும், பயிற்சிக்கு முன் குளிர்ந்த நீர் அருந்துவதும் வெறும் வசதிகள் அல்ல. பயிற்சியின் அளவைத் தீர்மானிப்பவை.

மேலைநாட்டுத் திட்டங்கள் நாற்காலியிலிருந்து எழுவதைப் பயிற்றுவிக்கின்றன. தரையில் அமர்ந்து உண்ணும், பாயில் உறங்கும் வீடுகளில் தரையிலிருந்து எழுதலும் நிலைப்படியைத் தாண்டுதலும் நாள்தோறும் நிகழ்வன. தமிழ்ச் சூழலில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள் இவற்றையும் பயிற்சிக்குள் சேர்ப்பது பொருத்தமாகும். தரையிலிருந்து எழும் முறையைக் கற்பதில் வேறொரு பயனும் உண்டு. விழுந்தபின் எழ முடியாமல் கிடக்க நேருமோ என்ற அச்சம் தணிகிறது.

6.0 நிலையை நெருங்குவோருக்குக் கைத்தடியைத் தருவதோடு மருத்துவரின் பணி முடிந்துவிடுவதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். வலுவிழந்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் அதைப் பிடிக்க வேண்டும். வலக்கால் தளர்ந்தவர் வலக்கையில் தடியூன்றுவது அடிக்கடி காணப்படும் பிழை. தடியுடன் திரும்புதல், கதவு திறத்தல், படியேறல் ஆகியவற்றைத் தனியே பயில வேண்டும். தடி வருவதற்குச் சற்று முன்னரே இப்பயிற்சி தொடங்குமானால் 6.0 நிலையில் காணப்படும் உச்சம் தணியக்கூடும் எனக் கருத இடமுண்டு. சோதித்துப் பார்க்கத் தக்க கருத்து அது.

விழுதலைப் பதிவு செய்யும் முறையும் பயிற்சியின் பகுதியே. ஓராண்டுக்குப் பின் நினைவுகூரச் சொன்னால், காயம்பட்ட நிகழ்வுகள் மட்டுமே நினைவில் நிற்கின்றன. தடுமாறிச் சுவரைப் பற்றிக்கொண்ட தருணங்கள் மறைந்துவிடுகின்றன. நாள்தோறும் ஒரு வரி எழுதும் நாட்குறிப்பு இதற்குப் போதும்: நேரம், இடம், அப்போது கையில் இருந்த பொருள், அன்றைய களைப்பு. மூன்று வாரக் குறிப்பில் ஐந்து தடுமாற்றங்கள் பதிவாகி, அவற்றில் நான்கு மாலை ஆறு மணிக்குப் பின் சமையலறையில் திரும்பும்போது நிகழ்ந்தவையாக இருந்தால், அடுத்த வாரப் பயிற்சி பூங்காவில் அன்று, அச்சமையலறையில், காலை வேளையில், வெறுங்கையுடன் திரும்பிப் பழகுவதில் தொடங்கும்.